8 போர்ட், 65 வாட்

அட்டைப் பெட்டிகளின் மேல் அச்சடித்திருப்பதைப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. பிஸ்கட் பாக்கெட்டில் ஆரம்பித்து வாட்டர் ஹீட்டர் வரை. ‘இன்றைக்கு அதிகப் பிரதிகள் அச்சாகிற புனைகதை அதுதான்’ என்பார் நண்பர் ஒருவர். அதனால் இந்த வாரம் விமரிசனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது நாவலோ, சினிமாவோ இல்லை. ஒரு பெட்டி. உள்ளே ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச். சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

நங்கநல்லூரில் என் அக்கா தனியாக இருக்கிறாள். வயது 74. அத்திம்பேர் கட்டின பழைய தனி வீடு. மகன் டல்லாஸில். ‘அங்கே வந்து என்னடா பண்ணுவேன், ஜன்னலைப் பாத்துண்டு உக்காரணும்’ என்று இரண்டு முறை போய்விட்டு மூன்றாவது தடவை மறுத்துவிட்டாள். எனவே பையன் போன வருஷம் லீவில் வந்தபோது ஐந்து கேமரா மாட்டினான். வாசல் கேட், பக்கத்துச் சந்து, கிணற்றடி, மொட்டை மாடி, கடைசியாக ஹாலில் ஒன்று. முதல் நாலும் திருடனுக்காக. ஐந்தாவது அக்காவுக்காக. ராத்திரி பாத்ரூம் போகும்போதோ, தண்ணீர் குடிக்கப் போகும்போதோ விழுந்துவிட்டால் தெரிய வேண்டுமே என்று.

ஐந்து கேமராவுக்கும், மேல் சுவரில் இருக்கும் வைஃபை பெட்டிக்கும் தனித்தனியாக பிளக் பாயிண்ட் வைக்க முடியாது. அதற்குத்தான் பி.ஓ.இ. டேட்டா போகிற அதே ஈதர்நெட் கேபிளில் கரன்ட்டும் போகும். ஒரே ஒயர், இரண்டு வேலை. பையன் இதற்காக ஆன்லைனில் தேடி வாங்கியதுதான் நமது கதாநாயகன். 8 போர்ட்டுகள், ஒவ்வொன்றும் 2.5 ஜிகாபிட் வேகம், போதாததற்கு 10 ஜிகாபிட்டில் இன்னொரு ஓட்டை. விலை, பெரிய கம்பெனிக்காரர்கள் கேட்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

‘ஃப்யூச்சர் ப்ரூஃப் மாமா. பத்து வருஷத்துக்குக் கவலை இல்ல’ என்றான்.

நான்கு மாதம் கழித்து, ஒரு ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு அக்கா ஹாலில் கால் தடுக்கி விழுந்தாள். கணுக்கால் எலும்பு விரிசல். எழுந்திருக்க முடியவில்லை. செல்போன் படுக்கையறையில். காலை ஐந்தரைக்குப் பால் போட வந்த பையன் குரல் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பும் வரை ஐந்து மணி நேரம் மொஸைக் தரையில் கிடந்திருக்கிறாள். அப்போது டல்லாஸில் பிற்பகல். பையன் ஆபீஸில் விழித்துக்கொண்டுதான் இருந்தான். இரண்டு முறை போனில் கேமராவைத் திறந்தும் பார்த்திருக்கிறான். ஹால் கேமராவில் மட்டும் ‘கனெக்டிங்...’ என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அது ராத்திரியில் வழக்கமாகச் சுற்றுகிற வட்டம்தான் என்பதால் அவன் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அந்த வட்டத்தைப் பற்றி ஏற்கெனவே இரண்டு தடவை புகார் சொல்லியாகிவிட்டது. இரண்டு தடவையும் டெக்னீஷியன் காலை பத்து மணிக்கு வந்து பார்த்து, ‘வருதே சார்’ என்று சொல்லிவிட்டுப் போனார். வந்தது, உண்மை. ஒருமுறை சாயங்காலம்கூட வந்தார். அப்போதும் வந்தது. ‘நெட்டு ஸ்லோவா இருக்கும், பிளானை மாத்துங்க’ என்பது அவர் தீர்ப்பு. பையன் 200 மெகாபிட்டிலிருந்து 300-க்கு மாற்றினான். வட்டம் சற்றே வேகமாகச் சுற்றியிருக்கலாம்.

அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த பிறகு ஒரு ராத்திரி அங்கேயே தங்கினேன். ஒன்பதரைக்கு ஹால் விளக்கை அணைத்ததும் கேமராவிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சின்ன சப்தம். பகல் பார்வையிலிருந்து இரவுப் பார்வைக்கு மாறுகிறது. லென்ஸுக்குப் பின்னால் ஒரு ஃபில்டர் நகரும் சப்தம் அது. சுற்றிலும் இருக்கும் அகச்சிவப்பு விளக்குகள் மங்கலாக எரிந்தன. பத்து விநாடி. பிறகு எல்லாம் அணைந்து கேமரா செத்துவிட்டது. அரை நிமிஷத்தில் மறுபடி உயிர் வந்தது. ‘டிக்’. சிவப்பு. சாவு. விடிய விடிய இதே கூத்து. ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் டார்ச் அடித்துப் பார்த்தால், ஸ்விட்ச்சின் முகத்தில் பொட்டு மாதிரி ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ‘பவர் போதவில்லை’ என்பதற்கான விளக்கு. பழைய அண்டா, கொலுப்படி, ஓட்டை விழுந்த ரேடியோ ஆகியவற்றுக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

இனி பெட்டிக்கு வருவோம். மேல் அட்டையில் பெரிய எழுத்தில் ‘ஒரு போர்ட்டுக்கு 30 வாட்’ என்று இருக்கிறது. எட்டு போர்ட். எட்டை முப்பதால் பெருக்கினால் 240 என்பது எட்டாம் வாய்ப்பாடு தெரிந்த யாருக்கும் தோன்றும். தோன்ற வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். உள்ளே கூட வந்த அடாப்டரைத் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். 52 வோல்ட், 1.25 ஆம்ப்பியர். பெருக்கிப் பாருங்கள், 65 வாட். அதில் ஸ்விட்ச் தன் சொந்தச் செலவுக்குப் பத்து வாட் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 55.

கேமரா ஒவ்வொன்றும் பகலில் 5 வாட், இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது 9 வாட். வைஃபை பெட்டி 13. பகலில் மொத்தம் 38. சுகம். இருட்டியதும் வெளியே இருக்கும் நாலு கேமராவும் 9-க்கு ஏறிவிடும். ஹாலில்தான் ட்யூப்லைட் எரிகிறதே, அது இன்னும் 5-தான். மொத்தம் 54. ஒரு வாட் பாக்கி வைத்து பிழைத்துக்கொள்கிறது. அக்கா ஹால் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறாள். ஐந்தாவது கேமராவும் 9 கேட்கிறது. 58. தீர்ந்தது. கடைசி போர்ட்டுக்கு முன்னுரிமை குறைவு, எனவே அதன் கழுத்தில் கத்தி. திருடனைப் பார்க்கும் நாலும் பிழைத்தன. அக்காவைப் பார்ப்பது ஒன்றுதான், அவளைப் பார்க்க வேண்டிய அந்த நேரத்தில் மட்டும் குருடு. டெக்னீஷியன் வரும் நேரமெல்லாம் வெளிச்சமான நேரம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இப்போது கேளுங்கள், பெட்டியில் எழுதியிருப்பது பொய்யா? இல்லை. அதுதான் விசேஷம். ஒவ்வொரு போர்ட்டாலும் 30 வாட் தர முடியும், சந்தேகமில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் தரும் என்று யார் சொன்னது? பந்தியில் எட்டு இலை போட்டுவிட்டு இரண்டு பேருக்குச் சோறு வடித்த கதை. சரியாகச் சொன்னால் இரண்டு பேருக்குக்கூட இல்லை. இரண்டாவது ஆளுக்குப் பாயசம் கிடையாது. ‘மொத்தம் 65 வாட்’ என்பதும் பெட்டியில் இருக்கத்தான் செய்கிறது. அடிப்பக்கம், பார்கோடுக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த எழுத்தில்.

இதே அட்டையில் இன்னொரு அழகு, ‘60 ஜிகாபிட் கொள்ளளவு’. எட்டு இரண்டரை இருபது, அதோடு பத்து, ஆக முப்பதுதானே? போகிற வழி முப்பது, வருகிற வழி முப்பது என்று இரண்டு முறை கூட்டியிருக்கிறார்கள். தாம்பரம் போகிற ரயிலையும் அதே ரயில் திரும்பி வருவதையும் இரண்டு ரயில் என்று எண்ணுவது போல. பெரிய கம்பெனிகளும் இப்படித்தான் எண்ணுகின்றன. அதனால் இந்தச் சின்னப் பெட்டியை மட்டும் அடிப்பது நியாயமில்லை.

சரி, அந்த இரண்டரை ஜிகாபிட் எதற்கு? இது கொஞ்சம் சுவாரசியமான கதை. ஈதர்நெட் பிறந்தது 1973-ல், ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில், பாப் மெட்கால்ஃப் எழுதிய ஒரு அலுவலகக் குறிப்பில். அதன் பிறகு வேகம் பெரும்பாலும் பத்துப் பத்தாகத்தான் ஏறியது. 10 மெகாபிட், 1995-ல் 100, செப்புக் கம்பியில் 1,000 மெகாபிட் 1999-ல், பத்தாயிரம் 2006-ல். இந்தக் கடைசிப் படியில் சறுக்கல். பத்தாயிரத்துக்குக் கேபிளும் உசத்தியாக வேண்டும், சில்லும் அடுப்பு மாதிரி சுட்டது. உலகம் பூராவும் ஆபீஸ் சுவர்களுக்குள் இருந்தது கேட்-5இ என்கிற சாதாரணக் கேபிள். இதற்கிடையே வைஃபை வளர்ந்து 1,000 மெகாபிட்டைத் தாண்டிவிட்டது. சுவரை உடைப்பதா, வேகத்தைக் குறைப்பதா? இன்ஜினீயர்கள் கௌரவம் பார்க்காமல் பின்னால் வந்தார்கள். பத்திலிருந்து இறங்கி ஐந்து, இரண்டரை என்று இரண்டு புது வேகங்களை 2016-ல் நிர்ணயித்தார்கள். இரண்டரை, பழைய கேட்-5இ கேபிளிலேயே 100 மீட்டர் ஓடும். முன்னேற்றத்துக்காகப் பின்னால் நடந்த அபூர்வ நிகழ்ச்சிகளில் ஒன்று என்பதால் எனக்கு இந்த இரண்டரை மேல் தனிப் பிரியம் உண்டு.

ஆனால் அக்கா வீட்டில் அதற்கு என்ன வேலை? ஒரு கேமராவின் படம் விநாடிக்குச் சுமார் 4 மெகாபிட். ஐந்துக்கும் சேர்த்து 20. இரண்டரை ஜிகாபிட் என்பது 2,500. ஒரே ஒரு போர்ட்டின் கொள்ளளவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. இன்னொரு வேடிக்கை, அந்தக் கேமராக்களின் வாலில் இருக்கும் ஈதர்நெட் வெறும் 100 மெகாபிட், அதாவது 1995-ம் வருஷத்து வேகம். ஸ்விட்ச் எவ்வளவு துடித்தாலும் கேமரா அதற்கு மேல் ஓடாது. இன்டர்நெட்டோ 300. ஆக வேகம் வேண்டாத இடத்தில் வேகத்தை வாங்கி, வாட் வேண்டிய இடத்தில் வாட்டை விட்டுவிட்டோம்.

பையனை மட்டும் சொல்லிப் பயனில்லை. வாங்குவதற்கு முன் அவன் பார்த்த வீடியோ விமரிசனங்களை நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஏழெட்டு இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே சடங்கு. பெட்டியைக் கத்தியால் கிழிப்பது, ஸ்விட்ச்சைத் தூக்கிக் காட்டி ‘பில்ட் குவாலிட்டி செமையா இருக்கு’ என்பது, இரண்டு கம்ப்யூட்டரை மாட்டி வேகம் பார்ப்பது, 2.3 ஜிகாபிட் வந்ததும் மகிழ்வது. வேகம் வரத்தான் வரும். மூடியைக் கழற்றினால் பல பிராண்டுகளுக்குள்ளேயும் அநேகமாக ஒரே மாதிரி போர்டு, அதில் நண்டு படம் போட்ட தைவான் ரியல்டெக் சில்லு. சில வருஷங்களாக அந்தச் சில்லு மலிந்ததால்தான் இந்தப் பெட்டிகளே மலிந்தன. அந்தச் சில்லு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. கம்பெனிக்காரர் கைவைத்து மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் அடாப்டர், ஹீட் ஸிங்க், பவர் சர்க்யூட். அங்கேதான் விமரிசகர் பார்க்க வேண்டும். நான் பார்த்தவற்றில் எட்டு போர்ட்டிலும் சுமை ஏற்றி, ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. சினிமா விமரிசகர் டைட்டில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வந்து எழுதினால் நாம் சும்மா விடுவோமா?

பி.ஓ.இ. என்பது அப்படி ஒன்றும் பொறுப்பில்லாத சரக்கு இல்லை. 2003-ல் முதல் தரநிர்ணயம் செய்தவர்கள் மகா ஜாக்கிரதைப் பேர்வழிகள். போர்ட்டில் குறைந்தபட்சம் 44 வோல்ட், 0.35 ஆம்ப்பியர், ஆக 15.4 வாட் கொடுக்கச் சொன்னார்கள். 100 மீட்டர் கேபிளின் மின்தடை 20 ஓம் என்று வைத்து, வழியில் வெப்பமாகப் போவது 2.45 வாட், அந்தப் பக்கம் சேர்வது 12.95 என்று தசமத்தோடு எழுதி வைத்தார்கள். பள்ளிக்கூட ஃபிஸிக்ஸ்தான், நீங்களே போட்டுப் பார்க்கலாம். 2009-ல் 30 வாட், 2018-ல் 90 வாட் வரை உயர்த்தினார்கள். கரன்ட் கொடுப்பதற்கு முன் சம்பந்தி வீட்டு விசாரணை மாதிரி ஒன்று உண்டு. முதலில் சின்ன வோல்ட்டேஜ் அனுப்பி எதிர்ப்பக்கம் சுமார் 25,000 ஓம் இருக்கிறதா என்று ஸ்விட்ச் பார்க்கும். இருந்தால்தான் 48 வோல்ட் சம்பந்தம். இல்லையென்றால் அது லேப்டாப்போ, டி.வி.யோ, பேசாமல் டேட்டாவோடு நிறுத்திக்கொள்ளும். மலிவு சாமான்களில் ‘பாஸிவ்’ என்று ஒரு ஜாதி இருக்கிறது. அது விசாரிக்காது, நேரே ஏற்றிவிடும். அதில் தப்பான சாதனத்தை மாட்டினால் கருகலாம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். பெட்டியில் 802.3ஏ.எஃப், ஏ.டி, பி.டி என்று ஏதாவது ஒன்று போட்டிருக்க வேண்டும்.

மாட்டுகிற சாதனம் ‘எனக்கு அதிகபட்சம் இவ்வளவு தேவைப்படும்’ என்று முன்கூட்டியே சொல்லவும் இதில் வசதி இருக்கிறது. சில ஸ்விட்ச்கள் அந்த அதிகபட்சத்தை அப்போதே ஒதுக்கி வைத்துவிடும். அக்கா வீட்டில் அப்படி ஒன்று இருந்திருந்தால் மாட்டிய அன்று பகலிலேயே கடைசி கேமரா எழுந்திருக்காது. பையன் தலையைச் சொறிந்துகொண்டு கணக்குப் பார்த்திருப்பான். இது அப்போதைக்கு எரிவதை மட்டும் கூட்டுகிற ரகம். அதிலும் தப்பில்லை, ஓட்டலில் எல்லா ரூமும் நிறையாது என்று நம்பி அதிகம் புக் பண்ணுவது போலத்தான். ஆனால் ரூம் இல்லாதபோது வந்தவரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். பரணில் ஒரு சிவப்புப் பொட்டு போதாது.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டியில் ஃபேன் கிடையாது. சத்தமில்லாமல் இருப்பது வீட்டுக்கு நல்லதுதான். ஆனால் லேபிளில் 40 டிகிரி வரைதான் உத்தரவாதம், நம் ஊர் மே மாதத்தில் ஓட்டுக்கூரைக்கு அடியில் பரண் 40-க்கு மேல்தான் இருக்கும். கேபிள் வாங்கும்போது ‘சுத்தச் செம்பா?’ என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசினது மலிவாகக் கிடைக்கிறது. நுனியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். செம்பைவிட மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல். வீட்டுக்குள் தூரம் குறைவு என்பதால் வாட் நஷ்டம் பெரிதில்லை, ஆனால் அலுமினியம் ஒடியும், இணைப்பில் லூஸாகும். கரன்ட் ஓடுகிற லூஸ் இணைப்பு நல்லதில்லை. அடாப்டரில் ‘ஆர்’ என்று தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பிரௌஸரில் செட்டிங் மாற்றுகிற ஸ்விட்ச் என்றால் முதல் காரியமாக பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்கிற நாசகாரப் புரோகிராம், பாஸ்வேர்ட் மாற்றாத வீட்டுக் கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் கூலிப்படையாகச் சேர்த்துக்கொண்டு ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாவற்றையும் சில மணி நேரம் தடுமாற வைத்தது.

இந்த மலிவு இரண்டரை ஜிகாபிட் பெட்டிகளே உதவாதவை என்று நான் சொல்லவில்லை. எங்கள் அடுக்கு மாடியில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற ஒரு தம்பி இருக்கிறார். ஒரு முகூர்த்தத்துக்கு 50 ஜிகாபைட்டுக்குக் குறையாது. பழைய ஸ்விட்ச்சில் காப்பியாக ஏழரை நிமிஷம், இப்போது மூன்று. அதுவும் இரண்டு பக்கமும் எஸ்.எஸ்.டி. இருப்பதால். பழைய சுழலும் டிஸ்க் என்றால் அதுவே விநாடிக்கு இருநூறு மெகாபைட் தாண்டத் திணறும், பிறகு இரண்டரை ஜிகாபிட் ரோடு போட்டு என்ன பயன். அவருக்கு அந்தப் பணம் இரண்டு சீசனில் வந்துவிட்டது. பெரிய கம்பெனிகள் அதே சாமானுக்கு மூன்று மடங்கு கேட்டுக்கொண்டிருந்தபோது இந்த ஊர் பேர் தெரியாத பெட்டிகள்தான் வந்து விலையை உடைத்தன என்பதையும் மறுக்க முடியாது. சாதாரண மனுஷன் வீட்டில் புது வைஃபை பெட்டியை அதன் முழு வேகத்தில் ஓட்ட முடிகிறது என்றால் இவற்றின் புண்ணியம்.

என் புகார் ஒன்றே ஒன்றுதான். அந்த 65-ஐ முன்பக்கம் போடு. 2.5 என்று எழுதியிருக்கிற அதே சைஸில் போடு. கரன்ட் விநியோகிக்கிற ஒரு சாமானில் மொத்தம் எவ்வளவு கரன்ட் இருக்கிறது என்பதுதானே முதல் செய்தி?

அக்கா வீட்டுக்குச் சாதாரண ஒரு ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்கி வந்தேன். 8 போர்ட், மொத்தம் 120 வாட். விலை முன்னதைவிடக் கம்மி. பரணில் வைக்காமல் ஹால் அலமாரியில் கண்ணில் படுகிற மாதிரி வைத்து, அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு நானும் டல்லாஸும் ஒரு மணி நேரம் அந்த கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அணையவில்லை.

‘அந்த சிவப்பு முழியை வேற பக்கம் திருப்பேன்டா, தூக்கம் வரல’ என்றாள் அக்கா, படுக்கையறையிலிருந்து.

பழைய ஸ்விட்ச் இப்போது என் வீட்டில் இருக்கிறது. ஒரு வைஃபை பெட்டி, ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான் மாட்டியிருக்கிறேன். சொன்ன வேகம் அப்படியே வருகிறது. மீதி ஆறு போர்ட்டின் மேலும் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன்.